கொலஸ்ட்ரால் நார்மல்தான்... அப்புறம் ஏன் மாத்திரை? - ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஆடும் ஆட்டம்!

லேப்பிலிருந்து ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்வோம்? தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். ஃபாஸ்ட்டிங் சுகர் 112. 'பார்டர்தானே, ஸ்வீட்டைக் குறைச்சா போச்சு.' டோட்டல் கொலஸ்ட்ரால் 182. 'அப்பாடா, 200-க்குக் கீழேதான் இருக்கு!' அவ்வளவுதான். பேப்பரை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, அன்றைக்கு நிம்மதியாக இரண்டு இட்லி சேர்த்தே சாப்பிடுவோம்.

கொழுப்புக்கான அந்தப் பக்கத்தில் ஐந்தாறு வரிகள் இருக்கும். அதில் ட்ரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். என்கிற இரண்டு வரிகளைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. டோட்டல் நல்லா இருந்தால் எல்லாமே நல்லா இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், அதை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த நம்பிக்கை ஆபத்தானது. உடம்பில் சர்க்கரைக் கட்டுப்பாடு தடுமாற ஆரம்பிக்கும்போது, கொழுப்புக் கணக்கில் முதலில் கெடுவது அந்த இரண்டு வரிகள்தான்.

ரெண்டு ரிப்போர்ட், ஒரு கேள்வி

உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 45 வயது.

முதலாமவருக்கு டோட்டல் கொலஸ்ட்ரால் 182, ஹெச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 210, எல்.டி.எல். 106. சுகர் 112. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இரண்டாமவருக்கு டோட்டல் 205, ஹெச்.டி.எல். 66, ட்ரைகிளிசரைடு 75, எல்.டி.எல். 124. சுகர் 88. இடுப்பு 82 செ.மீ.

டோட்டல் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் மாட்டிக்கொள்வார். 200-ஐத் தாண்டிவிட்டதால் அவருடைய ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் இருக்கும். வீட்டில் உடனே, 'நாளையிலேர்ந்து முட்டை கிடையாது' என்று உத்தரவும் வந்துவிடும். முதலாமவரோ, 'எனக்கு கொலஸ்ட்ரால் எல்லாம் இல்லப்பா' என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால், இந்த இரண்டு பேப்பரையும் ஒரு டாக்டர் பார்த்தால் அதிகம் கவலைப்படுவது முதலாமவரைப் பற்றித்தான். (இரண்டாமவரின் 124-ஐயும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புகைப்பழக்கம், பிரஷர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் அதற்கும் கணக்கு மாறும்.)

முதலாமவரின் எண்களை இன்னொரு தடவை பாருங்கள். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருக்க வேண்டும், 210 இருக்கிறது. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். ஆண்களுக்குக் குறைந்தது 40, பெண்களுக்கு 50 இருக்க வேண்டும், 34-தான் இருக்கிறது. டோட்டல் குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணமே, அதில் சேர வேண்டிய நல்ல கொழுப்பு குறைந்துபோனதுதான். சர்க்கரை 100-லிருந்து 125-க்குள் இருந்தால் 'ப்ரீ-டயாபட்டீஸ்', 126-ம் அதற்கு மேலும் போனால் சர்க்கரை நோய். இதில் வயிற்றுச் சுற்றளவும் சேர்ந்துகொள்ளும்போது படம் முழுமையாகிவிடுகிறது. இவருடைய உடம்பில் இன்சுலின் சொல்வதைக் கேட்க ஆளில்லை.

எல்லாம் கல்லீரலில் நடக்கிறது

இன்சுலினை, 'சர்க்கரையைக் குறைக்கிற ஹார்மோன்' என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அதற்கு வேறு வேலைகளும் உண்டு. சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கும். அது தசைகளிடம் போய், 'சர்க்கரையை உள்ளே எடுத்துக்கோ' என்கிறது. கல்லீரலிடம், 'சாப்பாடு வந்தாச்சு, நீ சர்க்கரையை வெளியே விடாதே' என்கிறது. உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் செல்களிடம், 'பூட்டிக்கோ, கொழுப்பை இப்போ அவிழ்க்காதே' என்கிறது.

தொப்பை கூடி, நடை குறைந்து, வருடக்கணக்கில் தட்டு நிறைய சாதமும் இனிப்பும் போய்க்கொண்டே இருந்தால், இந்த உத்தரவுகள் செல்களின் காதில் விழாமல் போக ஆரம்பிக்கின்றன. இதைத்தான் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்கிறார்கள். கணையம் விடுவதில்லை, கேட்காதவர்களிடம் சத்தம் போட்டுப் பேசுவதுபோல இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். அதனால் பல வருடங்களுக்கு சுகர் டெஸ்ட்டில் பெரிதாக எதுவும் தெரியாது.

கொழுப்பு செல்கள் உத்தரவைக் கேட்காததால், பூட்டி வைக்க வேண்டிய கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கசிந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக மாற்றி, வி.எல்.டி.எல். என்கிற பார்சலாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. கட்டி முடியாத மிச்சம் அங்கேயே தங்கிவிடும். வேறு ஏதோ வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப்போய், 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதி வருகிறதே, அதன் கதை பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்சுலின் சொல்வது எதையும் கல்லீரல் கேட்பதில்லையா என்றால், அப்படியும் இல்லை. 'சர்க்கரையை விடாதே' என்ற உத்தரவு மட்டும் காதில் விழாது. 'கொழுப்பைத் தயாரி' என்ற உத்தரவு நன்றாகவே கேட்கும்! அதனால் ஒரே கல்லீரல் ஒரு கையால் சர்க்கரையையும், இன்னொரு கையால் கொழுப்பையும் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். 'ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல 130 எப்படி வரும்?' என்று பலரும் புலம்புவார்களே, அந்த 130-ல் பெரும்பங்கு சப்பாத்தியிலிருந்து வந்ததல்ல. விடிய விடியக் கல்லீரல் தயாரித்து விட்டது. அதே ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடும் ஏறியிருந்தால் அதுவும் அதே இடத்துச் சரக்குதான்.

இந்தச் சேர்க்கையை 1988-லேயே ஒரு கோவையாகச் சொன்னவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஜெரால்டு ரீவன். சர்க்கரைத் தடுமாற்றம், அதிக ட்ரைகிளிசரைடு, குறைந்த ஹெச்.டி.எல்., ரத்த அழுத்தம் எல்லாம் தனித்தனி நோய்கள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்தான் என்று சொல்லி, அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு டாக்டர்கள் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்பது இதைத்தான்.

ஒரு கிலோ சின்ன வெங்காயம்

சரி, ட்ரைகிளிசரைடு கூடினால் கூடட்டும், மாரடைப்புக்குக் காரணம் எல்.டி.எல்.தானே, அது 106-தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு பார்சல்கள் பெருகும்போது ஒரு பண்டமாற்று நடக்கும். அந்தப் பார்சல்கள் தங்கள் ட்ரைகிளிசரைடில் கொஞ்சத்தை ஹெச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவற்றிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். இப்படி ட்ரைகிளிசரைடு ஏறிய ஹெச்.டி.எல். சுருங்கிப்போய் சீக்கிரமே ரத்தத்திலிருந்து வெளியேற்றப்படுகிறது. நல்ல கொழுப்பு குறைவது இதனால்தான். எல்.டி.எல். துகள்களும் கொலஸ்ட்ராலை இழந்து சின்னதாக, கெட்டியாக மாறுகின்றன.

இப்போது மார்க்கெட்டுக்கு வாங்க. ஒரு கிலோ பெரிய வெங்காயம், ஒரு கிலோ சின்ன வெங்காயம். எடை ஒன்றுதான். எண்ணிக்கையில் எது அதிகம்? லேப் ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல். என்பது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை, அவ்வளவுதான். எத்தனை துகள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அது சொல்லாது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிவது துகள்கள்தான். ஆகவே, 106 என்ற அதே எண், ட்ரைகிளிசரைடு 75 இருப்பவரிடம் ஓர் அர்த்தம்; 210 இருப்பவரிடம் வேறு அர்த்தம்.

இதற்கு விலை உயர்ந்த டெஸ்ட் எதுவும் இல்லாமலே நீங்கள் ஒரு கணக்குப் போடலாம். டோட்டல் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்.-ஐக் கழியுங்கள். 182-ல் 34 போனால் 148. இதற்கு 'நான்-ஹெச்.டி.எல்.' என்று பெயர். கெட்ட துகள்கள் அத்தனையின் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்.டி.எல்.-ஐவிட இது நேர்மையான எண் என்பேன். பொதுவாக இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு, ஏற்கெனவே இதயப் பிரச்னை இருப்பவர்களுக்கு இன்னும் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும்.

நம்ம ஊர் கணக்கு

இது எங்கேயோ இருக்கிற பிரச்னை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப்' ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கொழுப்புக் கணக்கு 2014-ல் வெளிவந்தது. டோட்டல் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 13.9 சதவிகிதம். எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவிகிதம். ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தவர்கள் 29.5 சதவிகிதம். நல்ல கொழுப்பு குறைவாக இருந்தவர்கள்? 72.3 சதவிகிதம்!

அதாவது, நாம் பயந்து பயந்து பார்க்கிற டோட்டலும் எல்.டி.எல்.-லும் நம்மில் பெரும்பாலானோருக்கு சுமாராகவே இருக்கின்றன. நாம் பார்க்காத வரிகளில்தான் கோளாறு. அதே ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023-ல் வந்தபோது, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, ப்ரீ-டயாபட்டீஸ் நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி என்று மதிப்பிட்டார்கள்.

'நான் ஒல்லிதானே' என்று தப்பிக்கவும் முடியாது. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ்.யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. அச்சு அசலாக ஒரே எண். ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால், ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2 சதவிகிதம்! கை, கால் மெலிந்திருக்கும். கொழுப்பு மட்டும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நம் உடல்வாகு அப்படி. அதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்பளவு எல்லையை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். டேப்பை எடுத்து, மூச்சை உள்ளே இழுக்காமல், தொப்புளை ஒட்டிய மட்டத்தில் அளந்து பாருங்கள். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர பேன்ட் கீழே இறங்கிவிடும், அது எப்போதும் 34-தான் காட்டும்!

பெண்களும் கவனிக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். பிரச்னை இருப்பவர்களில் பலருக்கும் அடியில் இருப்பது இதே இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்தான். கர்ப்ப காலத்தில் சுகர் வந்து, பிரசவத்துக்குப் பிறகு 'சரியாயிடுச்சு' என்று விட்டவர்கள் பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு ஆளாக வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் சுகரோடு கொழுப்பையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் மாதிரிக் கறுத்திருந்தால், 'அழுக்கு, சரியா தேய்ச்சுக் குளிக்கலை' என்று திட்டாதீர்கள். எடையும் கூடியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இன்சுலின் கூடிப்போனதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கொலஸ்ட்ரால் கூடினா சுகர் வருமா?

பலரும் கேட்கிற கேள்வி இது. எல்.டி.எல். அதிகமாக இருப்பதாலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதில்லை. பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு, அது இல்லாத அவர்களுடைய உறவினர்களைவிட சர்க்கரை நோய் குறைவாகவே இருந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், அதற்கும் சர்க்கரைக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. சர்க்கரையோடு கூட்டு சேர்வது ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்.டி.எல். இறங்கும் அந்த ஜோடிதான். ட்ரைகிளிசரைடை ஹெச்.டி.எல்.-ஆல் வகுத்து வரும் எண் 3-ஐத் தாண்டினால் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் இருக்கலாம் என்று சந்தேகிப்பது ஒரு வழக்கம். நம் முதலாமவருக்கு அது 6-க்கு மேல். இதை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. ஆனால் ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்க்க இது போதுமான காரணம்.

முட்டையை நிறுத்தியாச்சு, சாதம்?

'எண்ணெயே தொடுறதில்ல. முட்டை, மட்டன் எல்லாம் நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. அப்பவும் ட்ரைகிளிசரைடு 240!' என்று அலுத்துக்கொள்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'அதுக்குப் பதிலா என்ன சாப்பிடுறீங்க?' என்பதுதான். காலையில் ரவா உப்புமா, பதினோரு மணிக்கு டீயோடு நாலு மேரி பிஸ்கட், மதியம் ரசம் சாதம், மோர் சாதம், சாயங்காலம் ஜூஸ், இரவு இட்லி. தட்டில் எண்ணெய் இல்லைதான். ஆனால் காலையிலிருந்து இரவு வரை மாவுச்சத்து மட்டுமே உள்ளே போயிருக்கிறது. தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றக் கல்லீரலுக்குத் தெரியும். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், பாலிஷ் செய்த அரிசி போன்ற தீட்டிய தானியங்களை அதிகம் சாப்பிட்டவர்களிடம்தான் ட்ரைகிளிசரைடு கூடுதலாகவும் ஹெச்.டி.எல். குறைவாகவும், இடுப்பு பெரிதாகவும் இருந்தன.

அதற்காகச் சோறே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்பதை மாற்றி, காய்க்குத் தொட்டுக்கொள்ளச் சோறு என்று வையுங்கள். சுண்டல், பயறு, பருப்பு, மீன், முட்டை என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். வெள்ளைச் சாதத்தைக் குறைத்து சிறுதானியத்துக்கு மாறுபவர்கள், கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் சுகரை வேகமாக ஏற்றும் என்பதை மறக்க வேண்டாம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸாக வேண்டாம். 'நாட்டுச் சர்க்கரைதான் போடுறேன்' என்பதில் ஒரு லாபமும் இல்லை. வார இறுதியில் மட்டும் குடிப்பவர்களுக்கும் சொல்லியாக வேண்டும், ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் மதுவுக்கு நிகரில்லை.

இதைப் படித்துவிட்டு எதிர்த்திசையில் ஓடிவிடவும் கூடாது. 'மாவுச்சத்துதானே வில்லன், நெய்யும் வெண்ணெயும் எவ்வளவு வேணா சாப்பிடலாம்' என்று பேலியோ பாணியில் இறங்கியவர்களுக்கு சுகரும் ட்ரைகிளிசரைடும் நன்றாக இறங்குவதுண்டு. ஆனால் சிலருக்கு எல்.டி.எல். கிடுகிடுவென ஏறிவிடுகிறது. சுகர் இறங்கிய சந்தோஷத்தில் அதைப் பார்க்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் எல்லாவற்றிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அது எல்.டி.எல்.-ஐ ஏற்றக்கூடியது. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கிறதே என்று கேட்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது!

நடையைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் நடக்க முடியாதவர்கள், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் போதும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். ரத்தத்தில் வந்துசேரும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைகள்தான். ட்ரைகிளிசரைடையும் அவை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தால் ட்ரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். எல்.டி.எல். இவ்வளவு சுலபத்தில் இறங்காது. அங்கேதான் மாத்திரை வருகிறது.

'கொலஸ்ட்ரால் இல்லாதப்போ எதுக்கு மாத்திரை?'

சர்க்கரை நோய்க்காகப் போன இடத்தில் டாக்டர், அடோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் என்று ஒரு மாத்திரையைச் சேர்த்து எழுதுகிறார். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தால் கொலஸ்ட்ரால் நார்மல். 'மாத்திரையை வித்தாகணும்ல, அதான் எழுதுறாங்க' என்று யாராவது சொல்ல, அந்த அட்டை மட்டும் தீராமல் டப்பாவிலேயே கிடக்கும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற கதை.

இந்தக் கேள்வியை நேராகவே பரிசோதித்திருக்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த 'கார்ட்ஸ்' ஆய்வில் 40 முதல் 75 வயது வரையிலான 2,838 சர்க்கரை நோயாளிகள் கலந்துகொண்டார்கள். யாருக்கும் அதற்கு முன் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. எல்.டி.எல். 160-க்கு மேல் போகாதவர்கள். பாதிப் பேருக்கு 10 மி.கி. அடோர்வாஸ்டாட்டின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் மாத்திரை எடுத்தவர்களிடம் 37 சதவிகிதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்டதற்கு இரண்டு வருடங்கள் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் வெளிவந்தது 2004-ல். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ரால் எண் எப்படி இருந்தாலும் இந்த மாத்திரையைப் பரிந்துரைப்பது இதுபோன்ற ஆய்வுகளின் பலத்தில்தான். எண்ணைக் குறைப்பது அதன் வேலையில் ஒரு பகுதி. காப்பாற்ற நினைப்பது ரத்தக்குழாயை.

'அந்த மாத்திரை போட்டா சுகர் வருமாமே?' என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் அடுத்த பயம். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. 13 ஆய்வுகளில் கலந்துகொண்ட 90,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 9 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. பயமாக இருக்கிறதல்லவா? அதையே தலைக்கணக்காகப் பாருங்கள். 255 பேர் நான்கு வருடங்கள் மாத்திரை எடுத்தால், கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை வருகிறது. அதே 255 பேரில் ஐந்து பேருக்கு மேல் மாரடைப்பு போன்ற பாதிப்பிலிருந்து தப்புகிறார்கள் என்றும் அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சர்க்கரை வருபவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தவர்கள்தான்.

தசை வலி, உடல் சோர்வு என்று ஏதாவது தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து மாற்றலாம், வழி இருக்கிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றைச் சொல்லாமல், நீங்களாகவே நிறுத்துவதுதான் வேண்டாம். அடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 70 என்று வந்ததும், 'நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு?' என்று நிறுத்துபவர்கள் நிறைய பேர். அந்த 70 மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும்.

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் விஷயம் வேறு. அங்கே இதயத்தோடு சேர்த்து கணையத்துக்கும் ஆபத்து. திடீரென்று கணையம் வீங்கி, தாங்க முடியாத வயிற்று வலியோடு ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வரலாம். சர்க்கரை மிக மோசமாக எகிறியிருக்கும்போது ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டிப் போவதும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு முதலில் சர்க்கரையை இறக்கினாலே கொழுப்பும் கூடவே இறங்குவதை டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, இது முக்கியம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால், மாரடைப்பு சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலியோடு வராமல் போகலாம். காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, தாடையிலோ மேல் வயிற்றிலோ ஓர் அசௌகரியம், திடீர்ச் சோர்வு. இவ்வளவுதான் அறிகுறியாக இருக்கும். சோடா வாங்கிக் குடித்துவிட்டு 'கேஸ்தான்' என்று படுத்துவிடாமல் இ.சி.ஜி. எடுக்கப் போய்விடுங்கள்.

டெஸ்ட் எடுக்கும்போது...

கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை என்று இப்போது பல நாடுகளில் சொல்கிறார்கள். ஆனால் சுகரையும் சேர்த்துப் பார்ப்பதால் நம் ஊரில் இரவு சாப்பிட்டு 10 முதல் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுப்பதே வசதி. முந்தின நாள் கல்யாண விருந்தோ, மதுவோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், ட்ரைகிளிசரைடு பொய் சொல்லும். பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.-ஐ நேராக அளப்பதில்லை. டோட்டலிலிருந்து ஹெச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 182-ல் 34-ம் 42-ம் போக 106. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது 'டைரக்ட் எல்.டி.எல்.' கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரை ஆரம்பித்தவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் கொழுப்பை மறுபடி பார்த்துவிடலாம். ஹெச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு என்பதால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டால் ஒரே ஊசிக்குத்தோடு முடியும். புது ரிப்போர்ட் வந்ததும் பீரோவில் இருக்கிற பழையதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். 'சுகர் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'ட்ரைகிளிசரைடு போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கா, ஹெச்.டி.எல். ஏறியிருக்கா, எனக்கு நான்-ஹெச்.டி.எல். எவ்வளவுல இருக்கணும்?' என்று கேளுங்கள்.